கூண்டுக்குள் நிற்கிற பெரியவர்

1

பாளையங்கோட்டையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது படிக்கிற பிள்ளைகளே,

உங்கள் தலைமையாசிரியர் எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார். பள்ளி ஆண்டு மலருக்கு ‘நம் ஊரின் பெருமக்கள்’ என்ற தலைப்பில் எழுத வேண்டும், வெளிநாட்டில் இருக்கிறவர் எழுதினால் பிள்ளைகள் ஆசையாகப் படிப்பார்கள் என்று கேட்டிருந்தார். நான் எழுத்தாளன் இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவன். தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் உறைமேல் முகவரியை மட்டும் ஒழுங்காக எழுதி அதற்குண்டான மார்க்கை வாங்கிக்கொள்வேன். ஆனாலும் கேட்டவர் நல்ல மனிதர். ஒத்துக்கொண்டேன்.

உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுதினேன். வாளோடு குதிரை ஏறி வெள்ளைக்காரனை எதிர்த்தவர். பஞ்சத்தில் ஊருக்கே நெல் அளந்தவர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிய வெள்ளைக்கார அம்மா. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், எனக்கே தெரியாமல் எங்கள் ஆளை முதலில் வைத்திருக்கிறேன். தாளைக் கிழித்துவிட்டேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் எந்தப் பெரியவர் பெயரும் இருக்காது. பெயரைப் போட்டால், அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்னால் அவர் யாருடைய ஆள் என்று பார்ப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். விமானம் ஏறி வந்தபோது அதுவும் என்னோடு ஏறி வந்துவிட்டது. இங்கே என் மகள் விஷயத்தில் அது என்ன செய்தது என்பதை எழுதுகிறேன். பெருமையாக எழுதச் சொன்னார்கள். எனக்கு இதுதான் எழுத வருகிறது.

2

நான் இருப்பது நியூசிலாந்தில். மனிதர்களைவிட மாடுகளை அதிகமாகப் பார்க்கிற ஊர். பால் தொழிற்சாலைகளுக்கு எவர்சில்வர் தொட்டி செய்கிற பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். என் மனைவி மாலதிக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. மகள் யாழினிக்குப் பத்து வயது.

வந்த புதிதில் மருத்துவமனையில் பெயர் பதியப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட் கேட்டார். நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பைலைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அதில் லேமினேஷன் செய்த சாதிச் சான்றிதழும் இருந்தது. நம் ஊரில் எந்தக் கவுண்டரிலும் கேட்பதற்கு முன்னால் எடுத்து நீட்டிப் பழகிய கை. அந்த அம்மா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பிறப்புச் சான்றிதழ் மாதிரி என்றேன். அதைத்தான் ஏற்கெனவே தந்துவிட்டீர்களே என்றார். இது இரண்டாவது என்றேன்.

வெளியே வந்ததும் மாலதி கேட்டாள். “எத்தனை தடவதான் பொறந்தீக?”

அப்போது இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சான்றிதழை மட்டும் நான் தூக்கிப் போடவில்லை. இன்னும் அந்தப் பைலில்தான் இருக்கிறது.

எங்கள் பட்டறையில் இன்னொரு திருநெல்வேலிக்காரர் உண்டு. செல்வின், வள்ளியூர்ப் பக்கம். முதல் நாள் டீ குடிக்கும்போது என்னிடம் வந்தார்.

“திருநெல்வேலின்னாங்க. அங்கன எங்கன?”

“பாளையங்கோட்டை.”

“பாளையங்கோட்டைல எந்தப் பக்கம்?”

சொன்னேன்.

“அங்கன ரெண்டு தெரு உண்டுல்லா. மேலயா, கீழயா?”

அதையும் சொன்னேன். பிறகு நான் தொடங்கினேன். வள்ளியூரில் எங்கே, ஊருக்குள்ளா வெளியிலா, எந்தச் சர்ச் பக்கம். டீ தீர்வதற்குள் இரண்டு பேருக்கும் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. யாரும் எந்தச் சாதிப் பெயரையும் வாயால் சொல்லவில்லை. அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஊரில் என்றால் ஒரு கல்யாணத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

இங்கே உட்கார்ந்தோம். அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு எங்கள் வீட்டுக்கு வரும். மாலதி வைக்கிற சொதி அவர் வீட்டுக்குப் போகும். அவருடைய மகள் ஜெனியும் யாழினியும் ஒரே வகுப்பு. தினமும் என் காரில்தான் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். போகிற வழியில் எல்லாம் பேசுவோம், ஊர்த் தலைவர்களைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

3

யாழினியின் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்ததோ, அந்த ஊரின் ஒரு பெரிய மனிதரைப் போல வேடமிட்டுப் பிள்ளைகள் சிலையாக நிற்க வேண்டும். கையில் ஒரு சிவப்புக் காகித வட்டம் ஒட்டியிருக்கும். பார்க்க வருகிறவர்கள் அதைத் தொட்டால் சிலை பேசும். தான் யார், என்ன செய்தேன் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிலையாகிவிடும்.

யாழினி என்னோடு சோபாவில் உட்கார்ந்து போனில் நம் ஊர்ச் சிலைகளின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். நெல் அளந்தவரிடம் வந்ததும் நிறுத்தினாள். நீங்கள் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற சிலைதான். இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, நீட்டிய கையில் நெல் அளக்கிற மரக்கால். ஊரில் மரக்கால் பெரியவர் என்போம்.

அவர் கதையைச் சொன்னேன். பஞ்ச காலத்தில் வெள்ளைக்காரன் பூட்டி முத்திரை வைத்த நெல் கிட்டங்கியை உடைத்துத் திறந்தார், வந்தவர்களுக்கெல்லாம் அளந்து கொடுத்தார், அதற்காகச் சிறைக்குப் போனார், அங்கேயே செத்தார்.

“யாருக்கெல்லாம் குடுத்தாரு?”

“வந்தவங்க எல்லாருக்கும்.”

“தெரியாதவங்களுக்குமா?”

“ஆமா. எந்தத் தெருன்னு கேக்காம அளந்தாருன்னு சொல்லுவாங்க.”

“அப்போ நான் இவருதான்,” என்றாள். பிறகு படத்தை விரலால் பெரிதாக்கினாள். “அப்பா, இவரு ஏன் ஜெயில்லயே நிக்காரு?”

“அது ஜெயில் இல்லம்மா. கூண்டு. பறவை எச்சம் போடும்லா, அதுக்கு.”

“மேல தொறந்துல்லா இருக்கு?”

சமையலறையில் மாலதி பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

“நம்ம ஊர்ப் பறவை பக்கவாட்டுலதான் வரும்,” என்றேன்.

யாழினி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் நம்பினாள். ஊர் விஷயத்தில் நான் சொல்வதுதான் அவளுக்குப் பாடப் புத்தகம்.

4

பிள்ளைகளே, அந்தக் கூண்டு பறவைக்காக வைத்தது இல்லை. எனக்குத் தெரியும். அதைச் செய்தவன் நான்.

ஐ.டி.ஐ. முடித்து ஒரு கிரில் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடிந்தபோது மரக்கால் பெரியவர் கழுத்தில் செருப்பு மாலை கிடந்தது. போட்டது யார் என்று தெரியவில்லை என்றது போலீஸ். எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பதிலுக்கு மரக்கால் பெரியவரின் ஆட்கள், அதாவது செல்வின் பக்கத்தார், எங்கள் ஆளின் குதிரைச் சிலையில் வாளை உடைத்தார்கள். பஸ்மேல் கல் விழுந்தது. கடைகள் அடைத்துக் கிடந்தன. உங்கள் பள்ளிக்கூடத்துக்கும் அப்போது லீவு விட்டார்கள். கடைசியில் அதிகாரிகள் இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்துப் பேசி, இரண்டு சிலைக்கும் கூண்டு போடுவதென்று முடிவு செய்தார்கள். வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது.

“ஏலே, உறுதியா அடி,” என்றார் பட்டறை அண்ணாச்சி. “வெளிய இருக்கவன் உள்ள போகக் கூடாது. உள்ள இருக்கவரும் வெளிய வந்துரக் கூடாது. வந்தாருன்னா மொதல்ல நம்மளத்தான் போட்டு மிதிப்பாரு.”

எல்லாரும் சிரித்தோம். போலீஸ் காவல் நிற்க, அளவெடுக்க ஏறினேன். கூண்டுக்கு அவர் உடம்பு அடங்கியது, கை அடங்கவில்லை. மரக்காலோடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கம்பியை ஒரு சாண் வெளியே வளைத்துக் கையையும் உள்ளே அடைத்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார்.

வருடத்தில் ஒரு நாள், அவர் பிறந்த நாளில், பூட்டைத் திறந்து ஏணி வைப்பார்கள். ஒவ்வொரு கட்சிக்கும் நேரம் ஒதுக்கி மாலை போட விடுவார்கள். முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். அன்றைக்கு எங்கள் தெருக்காரர்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டோம். குதிரைக்காரர் பிறந்த நாளில் அவர்கள் எங்கள் பக்கம் வர மாட்டார்கள். இதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அண்ணன் ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். யாழினி போன் முன்னால் கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“என்ன பாப்பா, பிச்சை கேக்க மாதிரி நிக்க?”

“பெரியப்பா, நான் மரக்கால் பெரியவரு!”

அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றது. “போன அப்பாட்ட குடு.”

வாங்கிக்கொண்டு வெளியே புல்தரைக்கு வந்தேன்.

“ஏலே, கூறு இருக்கா ஒனக்கு? நம்ம ஆளு ஒருத்தரும் கெடைக்கலையா?”

“சின்னப் பிள்ளைண்ணே. அவளுக்கு அந்தக் கதை பிடிச்சிருக்கு.”

“நம்மாளுக்குக் கதை இல்லையோ? குதிர இருக்கு, வாளு இருக்கு. அவருட்ட என்ன இருக்கு, ஒரு மரக்கா. போட்டோ எடுத்து எவனாவது போட்டான்னு வையி, நான் தெருவுல தல காட்ட முடியுமாலே? நீ அங்கன போயி உக்காந்துக்கிட்ட. நான்லா இங்கன கெடக்கேன்.”

எனக்கு அண்ணன்மீது கோபம் வந்தது என்று எழுத ஆசைதான். கோபம் வரவில்லை. யாழினி அந்தப் படத்தில் விரலை நிறுத்திய நிமிஷத்திலேயே எனக்குள்ளும் ஒரு முள் குத்தியிருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதும் எனக்கு வந்தது நிம்மதி.

உள்ளே போய், “பாப்பா, நாம குதிரைக்காரரைப் போட்டுக்கலாமா?” என்றேன்.

“ஏன்?”

“இவரு வேஷம் கஷ்டம்லா.”

“வேட்டியும் துண்டும்தானேப்பா?”

“சட்டை இல்லாம நிக்கணும். குளிரும்மா.”

அந்த அரங்கத்தில் ஹீட்டர் உண்டு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். “ஓகே,” என்றாள். இங்கே வளர்கிற பிள்ளைகள் நம்மோடு வாதாடுகிறவரைக்கும் பயமில்லை. ‘ஓகே’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு அறைக்குள் போகும்போதுதான் பயமாக இருக்கும்.

அட்டையில் குதிரைத் தலை வரைந்துகொண்டிருந்த என்னிடம் மாலதி கத்தரிக்கோலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

6

மறுநாள் காலை செல்வின் ஒரு துணிப்பையோடு காரில் ஏறினார். முகமெல்லாம் சிரிப்பு.

“ஜெனி சொன்னா வே. உங்க பாப்பா அவரு மாதிரி நிக்காளாமே?”

நான் கியரைப் போட்டேன்.

“எங்க வீட்டுக்காரிக்கு நம்பிக்கையே இல்ல. அவங்களுக்குத் தெரியாம இருக்கும்னா. ஏ, அவரு பாளையங்கோட்டைக்காரரு, தெரியாம இருக்குமா, தெரிஞ்சுதான் விட்டிருக்காருன்னேன்.” பையைத் தட்டினார். “எங்க அப்பா துண்டு. வரும்போது எதுக்கோ கொண்டாந்தேன். மரக்கா நானே செஞ்சேன், பெயிண்டு வாளிய வெட்டி. இங்கன எங்க வே மரக்காவுக்குப் போறது?”

“உங்க ஜெனி யாரு?” என்று பேச்சை மாற்றினேன்.

“அந்தப் பள்ளிக்கூடம் கட்டுன வெள்ளைக்கார அம்மா. நான்தான் சொன்னேன். அந்தம்மாவுக்குச் சிலையும் கிடையாது, கூண்டும் கிடையாது, வம்பும் கிடையாது. நான் பயந்தேன் வே. நீரு பயப்படல பாத்தீரா.”

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “இல்ல செல்வின். அவ மாத்திக்கிட்டா,” என்றேன்.

“மாத்திக்கிட்டாளா?”

“பிள்ளைகதானே. குதிரை வேணும்னு நிக்கா.”

யார் குதிரை என்று அவர் கேட்கவில்லை. சிக்னல் விழுகிறவரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி வே. பிள்ளைக ஆசைதானே,” என்றார்.

பட்டறையில் இறங்கும்போது பையை எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்க எனக்கும் கை வரவில்லை. பின் சீட்டில் அது கிடந்தது. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் முதுகில் என் பழியைத் தூக்கி வைத்துவிட்டேனே என்று கண்ணாடியில் அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

7

விழா அன்று மாலதிக்கு வேலை, நான் மட்டும் போனேன். யாழினி வாளை ஓங்கிப் பிடித்தபடி நின்றாள். வருகிறவர்கள் சிவப்பு வட்டத்தைத் தொட, குதிரைக்காரர் வரலாற்றை அழகாக இங்கிலீஷில் சொன்னாள். எங்கள் ஆளும் பெரிய வீரர்தான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பேசி முடித்து மறுபடியும் சிலையாகும்போது, வாள் பிடிக்காத அவளுடைய இன்னொரு கை தானாக முன்னால் நீளும். உள்ளங்கை விரியும். அவளுக்குத் தெரியாமலே அது நடந்தது. பழகின கை.

போட்டோவை அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் தெரு குரூப்பில் போட்டுவிட்டார். ‘நம்ம சிங்கக்குட்டி’ என்று ஒருவர். ‘ரத்தம் எங்க போனாலும் மாறாது’ என்று இன்னொருவர். செருப்பு மாலை போட்டவர் யார் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும் என்றேனே, அவரும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. செல்வினின் மனைவி வேலைக்குக் காரை எடுத்துப் போயிருந்ததால் அவரும் ஜெனியும் எங்களோடு ஏறினார்கள். பின் சீட்டில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பை. யாழினி திறந்து பார்த்துவிட்டாள்.

“மாமா, இது மரக்காதானே? யாருக்கு?”

“சும்மா. அரிசி அளக்க, பாப்பா,” என்றார் செல்வின்.

அவள் பைக்குள் கைவிட்டு அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு முன்னால் சாய்ந்து, “மாமா, அந்த மரக்கால் பெரியவரு கூண்டு பறவைக்குன்னு அப்பா சொன்னாங்க. குதிரைக்காரருக்கும் கூண்டு இருக்கு, படத்துல பாத்தேன். அதுவும் பறவைக்கா? நிஜமாவா?” என்றாள்.

வைப்பர் போய்ப் போய் வந்தது. செல்வின் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மகள் முன்னால் நான் அங்கேயே முடிந்துபோவேன். சொல்வதற்கு அவருக்கு எல்லா நியாயமும் உண்டு.

“ஆமா பாப்பா,” என்றார். “பறவைதான். எங்க ஊர்ப் பறவையெல்லாம் கொஞ்சம் பெருசு.”

ஜெனி சிரித்தாள். யாழினி சிரிக்கவில்லை. செல்வின் வீட்டு வாசலில் இறங்கிக் குடை இல்லாமல் நனைந்துகொண்டே போனார். பை இந்தத் தடவையும் சீட்டிலேயே இருந்தது.

8

எங்கள் வீட்டு முன்னால் காரை நிறுத்தினேன். யாழினி கதவைத் திறக்கப் போனாள்.

“பாப்பா, உக்காரு. அந்தக் கூண்ட அப்பாதான் செஞ்சேன்.”

எனக்கு ஒரு பயம் உண்டு. இதைச் சொன்னால், நாம் யார், அவர்கள் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளுக்கு இதுவரை தெரியாத ஒன்றை என் வாயாலேயே ஊட்ட வேண்டும். சொல்லாவிட்டால் பொய். சொன்னால் விஷம். இத்தனை நாள் பொய்யே மேல் என்று நினைத்திருந்தேன். செல்வினும் எனக்காக அதே பொய்யைச் சொன்ன பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

செருப்பு மாலையைச் சொன்னேன். உடைந்த வாளைச் சொன்னேன்.

“யாருப்பா செருப்பு போட்டா?”

“நம்ம தெருக்காரங்க.”

“ஏன்? அவங்களுக்கு மட்டும் நெல்லு குடுக்கலையா?”

“குடுத்தாரும்மா. நம்ம தெருவுக்கும்தான் குடுத்தாரு. அத வாங்கித் தின்னதாலதான் நம்ம ஆளுக அந்தப் பஞ்சத்துல பிழைச்சுக் கெடந்தாங்க.”

அவள் மரக்காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வாளி வெட்டிய விளிம்பு பிள்ளை கையைக் கிழிக்காமல் இருக்க செல்வின் அதை மடக்கித் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். நானும் பட்டறைக்காரன், அது எவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை என்று எனக்குத் தெரியும்.

“செல்வின் மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியும்.”

“அப்போ மாமா ஏன் பறவைன்னு சொன்னாரு?”

பிள்ளைகளே, இதை யாழினி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். செல்வினிடம் போய்க் கேட்க எனக்கு இன்னும் முகம் இல்லை. காலையில் காரில் ஏறுகிறார், சாயங்காலம் இறங்குகிறார், சொதி நல்லாயிருந்துச்சு வே என்கிறார்.

நீங்கள் பஸ்ஸில் போகும்போது அந்தச் சிலையைத் தாண்டுவீர்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் பாருங்கள். கூண்டில் ஒரு இடத்தில் மட்டும் கம்பி ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அழகுக்காகச் செய்தது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே உள்ளே ஒரு கை நீண்டிருக்கிறது.